‘கோழி தூங்குது’: வீட்டுக் கோழி வைத்தியம், கேள்வி பதில்

கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக 30 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வீட்டில் இப்போது சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வகையில் 22 பெட்டைகளும் 2 சேவல்களும் மேய்கின்றன. நான் கால்நடை மருத்துவர் அல்ல. மருந்துப் பெட்டியும் ஐஸ் போட்ட குடுவையுமாக ஊர் ஊராகப் போய் வந்தவள். வீட்டிலேயே எது முடியும், எந்த இடத்தில் மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதை அனுபவத்தில் தெரிந்துவைத்திருக்கிறேன். கேளுங்கள்.

தாராபுரத்திலிருந்து ஒரு தம்பி: வணக்கமுங்க அக்கா. எங்க பெட்டைக் கோழி ஒன்னு காலையில இருந்து மூலையில நின்னு தூங்குதுங்க. இரை எடுக்கலை. தொட்டா காய்ச்சல் மாதிரி சுடுது. காய்ச்சல் மாத்திரை குடுக்கலாமுங்களா?

வேண்டாம் தம்பி. நல்லா இருக்கிற கோழிக்கே உடம்புச் சூடு 41 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்கும். நம் கைக்கு எந்தக் கோழியும் காய்ச்சல்காரக் கோழி மாதிரிதான் தெரியும். இறகை உப்ப வைத்துக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணை மூடி நிற்கிறது என்றால் அதற்குக் குளிருகிறது என்று அர்த்தம். உடம்புச் சூட்டைக் காப்பாற்றப் பார்க்கிறது. சுடுகிறதே என்று தண்ணீரில் நனைத்து, அதனாலேயே செத்துப்போன கோழிகளை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் அதை மற்ற கோழிகளிடமிருந்து பிரித்துவிடுங்கள். ஒரு அட்டைப் பெட்டி போதும். அடியில் சாக்கு விரித்து, ஒரு ஓரத்தில் 60 வாட் குண்டு பல்பு எரியவிடுங்கள். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. குண்டு பல்பு கிடைக்கவில்லை என்றால் பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றித் துணி சுற்றி வையுங்கள். பெட்டியின் மறுபாதி சூடில்லாமல் இருக்கட்டும். எங்கே நிற்பது என்று கோழியே பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது தண்ணீர். சோர்ந்த கோழி பட்டினியால் சாவதற்கு முன்னால் தாகத்தால் செத்துவிடும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டிய அளவு. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் அதே கணக்கு. தானாகக் குடித்தால் நல்லது. குடிக்கவில்லை என்றால் அலகின் பக்கவாட்டில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், ஒவ்வொரு சொட்டையும் விழுங்கிய பிறகு அடுத்தது. வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள். கோழிக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கும். ஊற்றுகிற தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.

இவ்வளவும் செய்த பிறகு கையில் எடுத்துப் பாருங்கள். நெஞ்செலும்பு கத்தி மாதிரி தட்டுப்பட்டால் நோய் இன்றைக்கு வந்ததல்ல, வாரக்கணக்கில் மெலிந்திருக்கிறது. கழுத்தடியில் இரை தங்கும் இரைப்பை காலியா, கல் மாதிரி இருக்கிறதா, தண்ணீர்ப் பை மாதிரி தளதளக்கிறதா? பின்புறத்து இறகில் எச்சம் ஒட்டியிருக்கிறதா? இறகை விலக்கினால் பேன் ஓடுகிறதா? எச்சம் என்ன நிறம்? பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அதுவரை மருந்து எதுவும் வேண்டாம்.

மதுரையிலிருந்து, மொட்டைமாடியில் கோழி வளர்ப்பவர்: எங்கள் கோழி சில நேரம் சாக்லேட் நிறத்தில் கொழகொழவென்று, தாங்க முடியாத நாற்றத்தோடு எச்சம் இடுகிறது. வேறு நேரங்களில் சரியாகத்தான் இருக்கிறது. பயமாக இருக்கிறது மேடம்.

பயமே வேண்டாம். கோழிக்குச் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் இரண்டு குருட்டுக்குடல் உண்டு. அவை காலியாகும்போது வருகிற எச்சம் அப்படித்தான் இருக்கும். எட்டுப் பத்து சாதாரண எச்சத்துக்கு ஒருமுறை வரும். சாதாரண எச்சத்தின் தலையில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி இருப்பது அதன் சிறுநீர், அதுவும் இயல்பு. கவலைப்பட வேண்டியது வேறு: தண்ணீராகப் போவது, ரத்தம் கலந்து போவது, இரை இல்லாமல் வெறும் பச்சையாகப் போவது. பச்சை என்பது பித்தநீர். ‘வயிற்றில் ஒன்றுமில்லை’ என்று கோழி சொல்கிறது, அவ்வளவுதான். பச்சை எச்சம் என்றதும் எல்லாரும் வெள்ளைக்கழிச்சல் என்று ஒரே நோயின் பெயரைச் சொல்வார்கள். எந்த நோயிலும் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் எச்சம் பச்சையாகும்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு அம்மா: தாயி, போன வாரம் ஒரு கோழி செத்துச்சு. முந்தாநாள் மூணு. இன்னைக்குக் காலையில ஆறு. வெள்ளையும் பச்சையுமா கழியுது, கழுத்தைத் திருகிக்கிட்டுச் சாகுது. இன்னும் பதினஞ்சு இருக்கு. அதையாவது காப்பாத்த என்ன மருந்து இருக்கு?

அம்மா, நீங்கள் சொல்வதைக் கேட்டால் வெள்ளைக்கழிச்சல் மாதிரிதான் இருக்கிறது. ராணிக்கேத் நோய் என்று புத்தகத்தில் எழுதுவது இதைத்தான். 1920களின் கடைசியில் இமயமலைப் பகுதியில் உள்ள ராணிக்கேத் ஊரில் கண்டறிந்ததால் நம் நாட்டில் அந்தப் பெயர். இது வைரஸ். வந்த பிறகு இதைக் கொல்லும் மருந்து இல்லை. இதை நேராகச் சொல்லிவிடுவதுதான் உங்களுக்கு நான் செய்யும் மரியாதை. கடைக்காரர் கொடுக்கும் மாத்திரைக்கும் ஊசிக்கும் நீங்கள் பணத்தைச் செலவழித்துவிட்டு, கோழியும் போய் நிற்கக் கூடாது.

பதினைந்தையும் ஒரே கூட்டில் வைக்காதீர்கள். நன்றாக இரை எடுப்பவற்றைத் தனியே, சோர்ந்தவற்றைத் தூரமாக. முதலில் நல்லதுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, கடைசியில்தான் நோய்க் கோழியிடம் போக வேண்டும். திரும்பி வரும்போது கை, கால், செருப்பு கழுவ வேண்டும். இந்த வைரஸ் எச்சத்திலும் சளியிலும் இருக்கிறது. நம் செருப்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும். தயவுசெய்து மிச்சக் கோழிகளைச் சந்தைக்கு அனுப்பாதீர்கள். ‘சாவதற்குள் விற்றுவிடலாம்’ என்று ஒரு வீடு நினைத்தால் சந்தைக்கு வந்த பத்து ஊருக்கும் நோய் போகும். இன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். இன்று செத்ததில் ஒன்றைப் பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் வைத்துக் கொண்டுபோனால் அறுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். வெள்ளைக்கழிச்சல்தானா, பறவைக் காய்ச்சலா என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. கொத்துக் கொத்தாகச் சாகும்போது அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டே ஆக வேண்டும்.

கைவைத்தியம் கேட்பீர்கள், தெரியும். கீழாநெல்லி ஒரு பிடி, சீரகம் 10 கிராம், மிளகு 5 கிராம், மஞ்சள்தூள் 5 கிராம், சின்ன வெங்காயமும் பூண்டும் ஐந்தைந்து பல். அரைத்து, குருணையில் பிசைந்து பத்துக் கோழிக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் கொடுத்திருக்கிறேன். இன்னும் நோய் தட்டாத கோழிகள் தெம்பாக இரை எடுக்க அது உதவும் என்று நினைக்கிறேன். கழுத்து திருகிய கோழியை அது எழுப்பி நான் பார்த்ததில்லை.

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷம். ஊரெல்லாம் தடுப்பூசி போட்டுவிட்டு வந்தேன். என் வீட்டுக் கோழிகளுக்கு ‘ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொள்ளலாம்’ என்று மூன்று ஞாயிறு தள்ளிப்போட்டேன். 40 கோழியில் 38 போயிற்று. மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெற்றுப் பஞ்சாரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் அம்மா இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அதே அம்மா: அப்ப மிச்சக் கோழிக்கு இப்பவே ஊசி போட்டுறலாமா?

நோய் நடக்கிற கூட்டில் போடுவதை மருத்துவர் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். வெளியே தெரியாமல் நோய் உள்ளே ஓடுகிற கோழிக்கு உயிருள்ள தடுப்பு மருந்து போட்டால் இன்னும் சீக்கிரம் விழும். பிறகு ‘ஊசி போட்டுத்தான் செத்தது’ என்று பேச்சு வரும். அடுத்த வருஷம் ஊரே ஊசிக்கு வராது.

மற்ற எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு (கோழிக்கழிச்சல் என்பதும் இதுதான்) குஞ்சு பொரித்து 7 நாளுக்குள் கண்ணில் அல்லது மூக்கில் தடுப்பு மருந்து ஒரு சொட்டு. நாலாவது வாரத்துக்குள் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, குடிதண்ணீரில். எட்டாவது வாரம் இறக்கைத் தோலுக்கடியில் அரை மில்லி ஊசி. இந்த மூன்றில் எட்டாவது வார ஊசியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், அதுதான் நெடுநாள் காக்கும். நம் மாநிலத்தில் வருஷா வருஷம் பிப்ரவரி வாக்கில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் இலவசமாக நடக்கும், வெயில் ஏறும் முன்பே போட்டுவிட வேண்டும் என்பதற்காக. மரத்தில் அடையும் கோழியைப் பிடிக்க முடியாது என்பவர்களுக்கு, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய வாய்வழித் தடுப்பு மருந்துக் குருணை இருக்கிறது. இரையோடு இரையாகத் தின்றுவிடும். குடிதண்ணீரில் மருந்து கலக்கும்போது குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் ஆகாது, மருந்து செத்துவிடும். கிணற்றுத் தண்ணீர், ஐஸ், விடிகாலை நேரம். கலந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிய வேண்டும். முந்தின நாள் இரவே தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துவிட்டால் காலையில் தாகத்தோடு வந்து குடிக்கும்.

நாமக்கல்லிலிருந்து ஒருவர்: கோழிக்குச் சளி, கொர் கொர் என்று மூச்சு. மெடிக்கலில் மனிதர்களுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையில் கால் துண்டு மூன்று நாளாகக் கொடுக்கிறேன். கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. நிறுத்திவிடலாமா? முட்டையைச் சாப்பிடலாமா?

முட்டையைச் சாப்பிடாதீர்கள், விற்கவும் வேண்டாம். எந்த மாத்திரை, கோழியின் எடை என்ன என்று தெரியாமல் கால் துண்டு என்பது குருட்டுக் கணக்கு. ஒன்றரைக் கிலோ கோழிக்கு அது அதிகமாகவும் இருக்கலாம், போதாமலும் இருக்கலாம். போதாத அளவில் கொடுத்துப் பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். இந்தக் கவலையில்தான் 2019இல் கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிகளுக்கும் மற்ற உணவுக் கால்நடைகளுக்கும் கொடுக்கக் கூடாது என்று இந்திய அரசு தடை செய்தது. மாத்திரை அட்டையோடு மருத்துவரைப் பாருங்கள். தொடர்வதா, மாற்றுவதா, எத்தனை நாள் கழித்து முட்டை சாப்பிடலாம் என்று அவர் சொல்லட்டும்.

சளி என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். முகம் ஒரு பக்கம் வீங்கி, மூக்கில் நாற்றமடிக்கும் சீழ் வந்தால் அது ஒரு பாக்டீரியா. இரவில் கொர்கொர் சத்தம் மட்டும் மாதக்கணக்கில் போய்வந்துகொண்டிருந்தால் அது வேறு கிருமி. வெள்ளைக்கழிச்சலும் சில சமயம் மூச்சிரைப்பில்தான் தொடங்கும். வீட்டில் செய்யக்கூடியது: மூக்கையும் கண்ணையும் உப்புப் போட்ட வெதுவெதுப்பான நீரில் பஞ்சு நனைத்துத் துடைப்பது, துளசி, தூதுவளை, கற்பூரவல்லி இலைகளைப் பொடியாக அரிந்து இரையில் கலப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கூட்டின் காற்றோட்டத்தைச் சரிசெய்வது. காலையில் கூட்டைத் திறந்ததும் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், இரவெல்லாம் தரையோடு தலை வைத்துக் கிடந்த கோழிக்கு எப்படி இருந்திருக்கும்? எச்சத்து அம்மோனியாதான் பாதிச் சளிக்கு வாசல் திறக்கிறது.

விழுப்புரத்திலிருந்து ஒரு சகோதரி: கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம் கொப்புளமாக வந்து கறுத்துப்போயிருக்கிறது. அத்தை ‘அம்மை போட்டிருக்கு, மருந்து போடக்கூடாது, மாரியாத்தாளுக்கு வேண்டிக்கோ’ என்கிறார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, தொற்றுமா?

குழந்தைக்குத் தொற்றாது. மனிதருக்கு வரும் அம்மை வேறு, கோழி அம்மை வேறு. அத்தை வேண்டிக்கொள்ளட்டும், வேப்பிலையும் மஞ்சளும் ஆத்தாளுக்கு உகந்தவைதானே, அவற்றையே அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துப் புண்மேல் தடவுங்கள். சண்டை இல்லாமல் வேலை முடியும். கண்ணுக்குள் மட்டும் போகக்கூடாது. பொருக்கைப் பிய்க்காதீர்கள்; ரத்தம் வரும், பொருக்கிலேயே கிருமி இருக்கிறது, உதிர்ந்ததைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். மூன்று நாலு வாரத்தில் தானே உதிரும்.

இதில் கோழியைக் கொல்வது பெரும்பாலும் அம்மையல்ல, பசி. கண் மூடிப்போவதால் இரை தெரியாது. காலை மாலை கண்ணைத் துடைத்துத் திறந்துவிட்டு, மூக்குக்கு நேரே கூழோ நனைத்த குருணையோ வையுங்கள். அலகைத் திறந்து பாருங்கள். உள்ளே மஞ்சளாகப் பாலாடை மாதிரி படிந்திருந்தால் அது மோசமான வகை, மூச்சை அடைக்கும், மருத்துவரிடம் போய்விடுங்கள். பரப்புவது கொசு. கூட்டைச் சுற்றிப் பழைய கொசுவலையைக் கட்டுங்கள், தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். நோய் தட்டாத மற்றக் கோழிகளுக்கு அம்மைத் தடுப்பூசி உண்டு, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து: முட்டை போடும் கோழி நேற்றிலிருந்து வாலை இறக்கி, நிமிர்ந்து நிமிர்ந்து நிற்கிறது. முக்குகிறது. முட்டை வரவில்லை.

முட்டை அடைத்திருக்கும் போலிருக்கிறது. காத்திருக்க நேரமில்லை, உடனே செய்யுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் தண்ணீர் வைத்து, வயிறு முழுக மூழ்கும்படி 15–20 நிமிஷம் உட்கார வையுங்கள். முதலில் துள்ளும், பிறகு சூடு இதமாக இருப்பதால் அடங்கிவிடும். ஈரத்தைத் துடைத்து, பின்புறத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, இருட்டான சூடான பெட்டியில் தனியாக விடுங்கள். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு மறுபடி செய்யலாம். வயிற்றை அமுக்கித் தள்ளாதீர்கள், முட்டையை உள்ளே உடைக்காதீர்கள். உடைந்த ஓடு முட்டை வரும் பாதையைக் கிழித்தால் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நேற்றிலிருந்து என்கிறீர்கள், இன்று மாலைக்குள் வரவில்லை என்றால் மருத்துவரிடம். சுண்ணாம்புச் சத்து ஊசி போட்டால் சில சமயம் அங்கேயே இட்டுவிடும்.

இனிமேலைக்கு: கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வையுங்கள், வேண்டியதைக் கொத்திக்கொள்ளும். வெறும் அரிசியும் மிச்சச் சோறும் தின்கிற கோழிக்கு ஓடு கட்டவும் சத்தில்லை, முட்டையை வெளியே தள்ளவும் பலமில்லை.

பெரம்பலூர்: 25 நாள் குஞ்சுகள். மூன்று நாளாக மழை. ரத்தமாகக் கழிகிறது, தினம் இரண்டு சாகிறது.

ரத்தக்கழிச்சல். மழையும் ஈரத் தரையும் மூணு முதல் ஆறு வாரக் குஞ்சும் சேர்ந்தால் வருவது இதுதான். இதை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டைகள் எச்சத்தில் வெளியே வந்து, ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். அதனால் கூளத்தை மாற்றாமல் மருந்து மட்டும் கொடுத்தால் பயனில்லை. ஈரக் கூளம் முழுவதையும் அள்ளிவிட்டுக் காய்ந்த உமியோ தேங்காய் நார்த்தூளோ போடுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். கால்நடை மருந்துக்கடையில் ஆம்ப்ரோலியம் தூள் கிடைக்கும், மருந்தகத்தில் அளவு கேட்டுக்கொண்டு குடிதண்ணீரில் கலந்து 5 முதல் 7 நாள் கொடுங்கள். அந்த நாட்களில் தெம்புக்கு என்று பி வைட்டமின் டானிக் சேர்க்காதீர்கள். பி1 வைட்டமினைப் போல வேஷம் போட்டுத்தான் அந்த மருந்து ஒட்டுண்ணியைப் பட்டினி போடுகிறது. நீங்கள் பி1 கொடுத்தால் மருந்தின் வேலை கெடும். மருந்து முடிந்த பிறகு டானிக் கொடுங்கள், அப்போது தேவையும்கூட.

தஞ்சாவூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: இரைப்பை கல்லு மாதிரி இருக்கு அக்கா. தலைகீழாகப் பிடிச்சு அழுத்தினா வெளிய வந்துரும்னு வீடியோல காட்டுறாங்க.

அதைச் செய்யாதே தம்பி. வெளியே வருவது மூச்சுக்குழாய்க்குள் போய் உன் கையிலேயே உயிர் போகலாம். முதலில் நிஜமாகவே அடைப்பா என்று பார். இரவு முழுக்க இரை வைக்காமல், விடிகாலையில் தொட்டுப் பார்த்தால் இரைப்பை காலியாக இருக்க வேண்டும். அப்போதும் கெட்டியாக இருந்தால் அடைப்பு. ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துவிட்டு, பையைக் கீழிருந்து மேலாக அல்ல, வட்டமாக மெதுவாகப் பிசைந்துவிடு. நாளைக்கு நாலைந்து தடவை, தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக. நீளப் புல்லும் சாக்கு நூலும் வைக்கோலும்தான் பெரும்பாலும் உள்ளே சுருண்டுகிடக்கும். இரண்டு நாளில் இளகவில்லை என்றால் மருத்துவர் மேல்தோலை அறுத்து எடுத்துத் தைத்துவிடுவார். பயப்படாதே, தைத்த கோழி நன்றாகவே பிழைக்கும்.

சேலம்: கோழிக்கு கழுத்து, கால் எல்லாம் செல்லுப்பூச்சி. மண்ணெண்ணெய் தடவலாமா?

தடவவே கூடாது, தோல் வெந்துவிடும். சலித்த அடுப்புச் சாம்பலும் காய்ந்த செம்மண்ணும் சரிபாதி கலந்து, ஒரு பழைய டயருக்குள் கொட்டி நிழலில் வையுங்கள். கோழி தானே புரண்டு குளிக்கும். காலில் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் அது வேறு பூச்சி. வேப்பெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து வாரம் இரண்டு முறை தடவுங்கள். கூட்டை மறந்துவிடாதீர்கள். பகலில் கம்பு இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் மட்டும் வந்து ரத்தம் குடிக்கும் சிவப்புப் பூச்சி ஒன்று உண்டு. இரவில் டார்ச்சோடு போய், கோழி அடையும் கம்பின் அடியில் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ரத்தக் கறை தெரிந்தால் அதுதான். கூட்டை வெளியே எடுத்து வெயிலில் போட்டு, இடுக்கெல்லாம் சுண்ணாம்பு அடியுங்கள். எதைச் செய்தாலும் ஒரு வாரம் பத்து நாளில் இன்னொரு முறை, ஏனென்றால் முட்டைகள் அப்போதுதான் பொரியும். கொண்டை வெளுத்து, காரணம் தெரியாமல் மெலியும் கோழிகளில் பாதிக்குக் காரணம் இந்தப் பூச்சியும் குடற்புழுவும்தான். குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எடைக்குத் தக்கபடி மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள்.

வேலூர்: கத்திரி வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. நோயா?

மற்றபடி தெளிவாக இருந்தால் வெயில்தான். கோழிக்கு வியர்க்காது. நிழல், மண்பானைத் தண்ணீர், கூரைமேல் ஈரச் சாக்கு. இரையை விடிகாலையிலும் பொழுது சாய்ந்தும் வையுங்கள்.

தேனியிலிருந்து ஒரு ஐயா: கழிச்சலில் பிழைத்த ஒரு கோழி மட்டும் கழுத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. கொத்தினால் தானியம் அகப்படுவதில்லை. அறுத்துவிடு என்கிறார்கள். என் மனைவி மனசு ஒப்பவில்லை.

உங்கள் வீட்டம்மா சொல்வது போலவே செய்து பார்க்கலாம் ஐயா. நரம்பில் தங்கிவிட்ட பாதிப்பு அது. முழுக்கச் சரியாகாமல் போகலாம். ஆனால் கோழி வேதனையோடு இல்லை என்றால் வைத்துக்கொள்ள முடியும். அகலமான, ஆழமான கிண்ணத்தில் இரை வையுங்கள், குறி தப்பினாலும் வாயில் படும். தண்ணீருக்கு ஆழம் குறைந்த தட்டு. முதல் இரண்டு வாரம் கையால் ஊட்ட வேண்டியிருக்கும். என்னிடம் அப்படி ஒரு கறுப்புப் பெட்டை இருந்தது, கொஞ்சம் சாய்ந்த தலையோடு இரண்டு முறை அடைகாத்துக் குஞ்சு பொரித்தது. புதிய குஞ்சுகளோடு மட்டும் சில வாரங்களுக்குச் சேர்க்காதீர்கள். பிழைத்த கோழியின் எச்சத்திலும் கிருமி வந்துகொண்டிருக்கலாம்.

கழுத்து சரியாக இருந்து, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடந்தால் அது மேரக்ஸ் நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் இல்லை. குஞ்சு பொரித்த அன்றே போடும் தடுப்பூசிதான் ஒரே வழி.

புதுக்கோட்டை: கீரி கடித்து முதுகுத் தோல் கிழிந்திருக்கிறது.

கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவி, சுற்றியுள்ள இறகைக் கத்தரித்து, போவிடோன் அயோடின் போடுங்கள். பிறகு மஞ்சளும் வேப்பெண்ணெயும், ஈ உட்காராமல் இருக்க. மற்றக் கோழிகளோடு விடாதீர்கள். சிவப்பைக் கண்டால் கொத்தும். தினம் புண்ணுக்குள் பாருங்கள், புழு வைத்தால் ஒரே நாளில் ஆழமாகப் போய்விடும். கிழிந்த தோல் பெரிதாக இருந்தால் அன்றைக்கே தையல் போட்டுவிட வேண்டும்.

தாராபுரத்துத் தம்பி, மறுபடியும்: அக்கா, நீங்க சொன்னபடி பெட்டியில வெச்சு பல்பு போட்டேனுங்க. சொட்டுச் சொட்டா தண்ணி குடிச்சுது. மத்தியானத்துக்கு மேல கண்ணைத் தொறந்துருச்சு. நெஞ்செலும்பு நல்லா கூராத் தட்டுப்படுது. எச்சத்துல சேமியா மாதிரி வெள்ளையா ரெண்டு புழு நெளிஞ்சுது. வேற கோழி எதுவும் தூங்கலை.

சந்தோஷம் தம்பி. புழுதான் அதைக் கரைத்திருக்கிறது. ஆனால் இன்றைக்கே புழு மருந்து கொடுக்க வேண்டாம், தாங்காது. இரண்டு நாள் ராகிக் கூழில் அவித்த முட்டை மசித்துக் கொடுத்துத் தேற்றுங்கள். தானாக நின்று இரை எடுத்த பிறகு, எடை போட்டு, மருந்தகத்தில் அளவு கேட்டு அதற்கும் கூட்டிலுள்ள அத்தனை கோழிக்கும் ஒரே நாளில் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து, எல்லாம் தெளிவாக இருந்தால், கழிச்சல் தடுப்பூசி. கடைசியாக எப்போது போட்டீர்கள்?

தாராபுரத்துத் தம்பி: போட்டதே இல்லைங்க அக்கா.

அப்படியானால் இந்தக் கோழி உங்களுக்கு நல்ல நேரத்தில் சொல்லியிருக்கிறது. நாளைக்கே மருந்தகத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். மருந்துக் குப்பியை உடைத்தால் நூறு கோழிக்கு இருக்கும், அதனால் பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள்.

உசிலம்பட்டி அம்மா, இரவு எட்டு மணிக்கு: டாக்டர் வந்து பாத்துட்டு கழிச்சல்தான்னு சொல்லிட்டாரு தாயி. எட்டு நல்லா இருக்கு, தனியாப் பிரிச்சுட்டேன். செத்ததை வாய்க்கால்ல போடச் சொல்றாங்க. மறுபடி எப்ப குஞ்சு வாங்கலாம்?

வாய்க்காலில் வேண்டாம் அம்மா, நாய் இழுத்துப் போகும், கீழ்ஊருக்குப் போகும். கிணற்றுக்குத் தூரமாக இடுப்பளவு குழி வெட்டி, அடியிலும் மேலும் சுண்ணாம்புத் தூள் போட்டு மூடுங்கள். மேலே முள் வெட்டிப் போட்டால் நாய் தோண்டாது. நோய் முழுக்க அடங்கிய பிறகு கூட்டுக் கூளத்தை எரித்து, சலவை சோடாத் தண்ணீரால் கழுவி, சுண்ணாம்பு அடித்து, வெயிலில் ஒரு மாதமாவது காயட்டும். அதற்குப் பிறகு வாங்குங்கள். தடுப்பு மருந்து விடாத குஞ்சை வாங்க வேண்டாம். வாங்கிய நாளைக் காலண்டரில் குறித்து, எட்டாவது வாரத்துக்கு நேரே இப்போதே வட்டம் போட்டுவிடுங்கள்.